பால்பல்லோடு பறப்பவன்: குழந்தைக் கதைகளில் வளர்வது பற்றி ஒரு நீண்ட இழை

செந்தூல் வாசகர் ஒருவரின் கேள்வி, 2 மார்ச் 2024

அக்கா, ஒன்பது வயது மகனுக்கு பீட்டர் பேன் என்ற வளராத பையனின் கதையைச் சுருக்காமல் முழுதாக வாசித்துக் காட்டினேன். ஒரு மாதம் பிடித்தது. கடைசி அத்தியாயத்தில் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அவன் "அவ்வளவுதானா, ஹூக் திரும்ப வரமாட்டானா?" என்று கேட்டுவிட்டு மைலோ கலக்கப் போய்விட்டான். ஆலிஸ், நார்னியா, வின்னி-த-பூ என்ற கரடி எல்லாமே குழந்தையின் வெகுளித்தனத்தைக் கொண்டாடுகின்றன, வளர்வதை இழப்பாகச் சொல்கின்றன. நம் பிள்ளைகளிடம் அந்த வெகுளித்தனம் இல்லை, கைப்பேசி தின்றுவிட்டது. சரிதானே?

2 மார்ச், இரவு

சரியில்லை. உங்கள் மகன்தான் அந்தக் கதையை ஒழுங்காகக் கேட்டிருக்கிறான்.

கடைசி வாக்கியத்தை மறுபடி எடுத்துப் பாருங்கள். குழந்தைகள் எப்படி இருக்கும்வரை இது நடந்துகொண்டே இருக்கும் என்று அதை எழுதிய ஜே. எம். பேரி சொல்கிறார்? மூன்று பண்புகள் வரும். குதூகலம், வெகுளித்தனம், மூன்றாவதாக இரக்கமின்மை. முதல் இரண்டை வாழ்த்தட்டையில் போட்டுவிட்டு மூன்றாவதை எல்லோரும் விட்டுவிடுகிறோம். மைலோ கலக்கப் போனது அந்த மூன்றாவது. கைப்பேசி மேல் பழி போடாதீர்கள், அந்த வாக்கியம் 1904-லேயே எழுதப்பட்டது.

3 மார்ச்

சின்ன வயதில் நான் படித்தது படங்கள் நிறைந்த சுருக்கப் பதிப்பு. பச்சைத் தொப்பி, முதலை, கடிகாரச் சத்தம், அவ்வளவுதான். முழுப் புத்தகத்தை நாற்பது வயதில் சௌராஸ்டா சந்தை மாடியில் பழைய புத்தகக் கடையில் வாங்கினேன். நனைந்து காய்ந்த புத்தகம், பக்கத்தைப் பிரித்தால் கருவாடு மாதிரி மடமடவென்று சத்தம்.

அதில் சுருக்கப் பதிப்பு சொல்லாத ஒரு வரி. தீவில் இருக்கும் பையன்கள் வளர்வது மாதிரித் தெரிந்தால், அது விதிக்கு விரோதம், பீட்டர் அவர்களை "குறைத்துவிடுவான்". எப்படிக் குறைப்பான் என்று பேரி சொல்லவில்லை. நாற்றங்காலில் நாற்றைக் களைவது போலப் போகிற போக்கில் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார். ராத்திரி பதினொரு மணிக்கு அதைப் படித்துவிட்டு எழுந்து போய் மகள் தூங்குகிறாளா என்று பார்த்தேன்.

இன்னொன்று, அவனுடைய பல். கதையில் வரும் வெண்டியின் தாய் திருமதி டார்லிங் முதன்முதலில் அவனைப் பார்க்கும்போது கவனிப்பது அதைத்தான். ஒரு பால்பல்கூட விழவில்லை. நம் வீட்டில் விழுந்த பல்லைச் சாணியில் பொதிந்து கூரைமேல் எறிவோம். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் தகரக் கூரை, 'டங்' என்று கேட்கும். அவன் வாழ்க்கையில் அந்த 'டங்' இல்லை.

3 மார்ச், பிற்சேர்க்கை

ஜன்னலைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். பிள்ளைகள் திரும்பி வரும்வரை ஜன்னல் திறந்தே இருக்க வேண்டும் என்று அந்தத் தாய் பிடிவாதமாக இருப்பாள். நான் இதை வாசித்துக் காட்டியபோது என் மகள், "நம்ம வீட்டுல கிரில் இருக்கேம்மா, எப்படி வருவான்? ஜன்னலைச் சாத்துங்க, டெங்கி கொசு வருது" என்றாள். ஜெலுத்தோங் அடுக்குமாடியில் பீட்டர் பேனுக்கு வழியில்லை.

5 மார்ச்

திருத்தம். பிறையிலிருந்து ஒருவர் பிடித்துவிட்டார். 1904 என்பது லண்டனில் நாடகம் முதலில் மேடையேறிய ஆண்டு. நாவல் 1911. நான் சொன்ன அந்தக் கடைசி வாக்கியம் நாவலில் உள்ளது. ஏழு வருஷம் தள்ளிக்கொள்ளுங்கள். கைப்பேசி அப்போதும் இல்லை.

அவரே பேரியின் அண்ணனைப் பற்றியும் கேட்டிருக்கிறார். அதை எழுதத்தான் வேண்டும். 1867-இல் டேவிட் என்ற அண்ணன் பனிச்சறுக்கில் அடிபட்டு இறந்தான். மறுநாள் அவனுக்குப் பதினான்கு வயது. பேரிக்கு அப்போது ஆறு. தாய் படுக்கையில் விழுந்துவிட்டாள். சின்னவன் அண்ணனின் உடையைப் போட்டுக்கொண்டு, அண்ணன் மாதிரியே சட்டைப்பையில் கைவிட்டுச் சீட்டியடித்துக்கொண்டு அவள் அறைக்குள் போயிருக்கிறான். இதைப் பேரியே தன் தாயைப் பற்றி 1896-இல் எழுதிய புத்தகத்தில் சொல்கிறார். தாய்க்கு ஒரு ஆறுதல் இருந்தது, டேவிட் என்றைக்கும் பையனாகவே இருப்பான். அவள் இருட்டில் "நீயா?" என்று கேட்டதற்கு இவன், "அவன் இல்லை, நான்தான்" என்றானாம்.

ஒரு தாயின் ஆறுதலுக்கு உருவம் கொடுக்கப் போய்த்தான் பால்பல்லோடு ஒரு பையன் பிறந்தான் என்று நினைக்கிறேன். அதனால்தான் அவன் பாதிப் பிணம் மாதிரிக் குளிர்ந்து கிடக்கிறான். இதை உங்கள் மகனிடம் சொல்லவேண்டாம்.

8 மார்ச்

'வெகுளித்தனம்' என்று எழுதிக்கொண்டே போகிறோம். குறளில் வெகுளி என்றால் கோபம். 31-வது அதிகாரம் வெகுளாமை, முழுக்கச் சினத்தைப் பற்றியது. இன்று 'வெகுளிப் பொண்ணு' என்றால் சூது தெரியாதவள். இந்தச் சொல் எந்த வளைவில் திரும்பியதோ, தமிழாசிரியர்கள் யாராவது சொல்லுங்கள். பீட்டருக்கு மட்டும் இரண்டு பொருளும் பொருந்தும்.

9 மார்ச்

இன்று பினாங்குத் தண்ணீர்மலைக் கோயில் ஏறினேன். 513 படி. மூட்டு தனியாக ஒரு இழை தொடங்கும் போலிருந்தது. மேலே சந்நிதியில் நின்றபோதுதான் உறைத்தது, நமக்கும் ஒருத்தர் இருக்கிறாரே! பறக்கிறார், மயில்மேல் உலகத்தையே சுற்றிவிட்டார், ஒரு மாம்பழத்துக்காக அப்பா அம்மாவோடு கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போனார், திரும்பவில்லை. இந்தக் கோயிலில் பெயரே பாலதண்டாயுதபாணி. என்றும் இளையவர்.

பீட்டரும் வீட்டைவிட்டுப் போனவன்தான். பேரி அதற்கு முன்பே எழுதிய கதையில், பிறந்து ஏழாம் நாள் ஜன்னல் வழியாகப் பறந்துவிட்டான். ஆசைதீர விளையாடிவிட்டுத் திரும்பி வந்தால் ஜன்னலில் கம்பி, உள்ளே தாயின் அணைப்பில் வேறு குழந்தை. நம்மவர் கதையில் அம்மையப்பன் பின்னாலேயே ஓடி வந்து, 'பழம் நீ' என்று சமாதானம் சொல்கிறார்கள். நம் ஊர்த் தாய் ஜன்னலைச் சாத்தமாட்டாள் என்று எழுதலாம் என்று வாய்வரை வந்தது. மேலே கொசுக் கதை கிடப்பதால் விடுகிறேன்.

10 மார்ச்

ஆமாம், அவருக்கு இரண்டு மனைவி. மூன்று பேர் தனித்தனியாக ஞாபகப்படுத்திவிட்டீர்கள். பீட்டரோடு ஒப்பிட்டதை அரைவாசி வாபஸ் வாங்குகிறேன். ஆனால் பிள்ளைத்தமிழை விடமாட்டேன். முருகனோ மீனாட்சியோ, சூரனை வதம் செய்தாலும் மதுரையை ஆண்டாலும், புலவர் அவர்களைப் பிடித்து இழுத்துக் குழந்தையாக்கிவிடுவார். தலையாட்டு, சப்பாணி கொட்டு, முத்தம் கொடு, நிலாவைக் கூப்பிடு. பத்துப் பருவம் முடிந்ததும் நூல் முடிந்துவிடும். குழந்தையை அதே இடத்தில் நிறுத்தி வைக்கும் ஆசை வெள்ளைக்காரனுக்கு மட்டும் உள்ளது இல்லை. அங்கேயும் பாடுகிறவர் தாய் நிலையில் நிற்கிறார், குழந்தை எதுவும் பேசுவதில்லை.

11 மார்ச்

பள்ளி திறந்தது. மகள் இடைநிலைப்பள்ளியில் முதலாம் படிவம். ஆறு வருஷம் கருநீலப் பினாஃபோர், இன்று காலை நீலப்பச்சை. கண்ணாடி முன் நின்று இடுப்புப் பட்டையை நான்கு தரம் சரிசெய்தாள். வாசல்வரை வராதீர்கள், சாலை முனையிலேயே நிறுத்துங்கள் என்றாள். நிறுத்தினேன். திரும்பிப் பார்ப்பாள் என்று காரை எடுக்காமல் இருந்தேன். பின்னால் மோட்டார் சைக்கிள்காரர் ஹாரன் அடித்தார். அவள் திரும்பவில்லை.

ஆலிஸின் இரண்டாம் புத்தகத்தில், 1871-இல் வந்தது, வெள்ளைக் குதிரைவீரர் என்று ஒரு கிழவர் வருவார். குதிரையிலிருந்து விழுந்துகொண்டே இருப்பார். சதுரங்கப் பலகையின் கடைசிக் கட்டத்துக்குப் போனால் ஆலிஸ் ராணி. அதற்கு முந்தைய கட்டத்தில் அவளை வழியனுப்பி, ஒரு சோகப் பாட்டும் பாடிவிட்டு, நீ அழுவாய் என்று நினைத்தேனே என்கிறார். அவள் அழவில்லை. நான் அந்தத் திருப்பத்துக்குப் போகும்வரை நின்று கைக்குட்டையை ஆட்டு, எனக்குத் தெம்பாக இருக்கும் என்று கேட்டுக்கொள்கிறார். ஆட்டுகிறாள், நல்ல பிள்ளை. ஆட்டி முடித்ததும் ராணியாகப் போகிற குஷியில் ஒரே ஓட்டம்.

எனக்கு இன்று கைக்குட்டைகூட ஆட்டப்படவில்லை.

15 மார்ச்

ஈப்போவிலிருந்து ஓர் அன்பர், இந்தக் கதைகளில் பையன்கள் குழந்தையாக இருக்கலாம், பெண் பிள்ளைகள்தான் வளர்ந்தாக வேண்டும், வெண்டியைப் பாருங்கள், சூசனைப் பாருங்கள் என்கிறார். இதைப் பற்றி எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது. பாதியை எழுதி இரண்டு தடவை அழித்தேன்.

வெண்டி தீவுக்குப் போன முதல் நாளே அம்மாவாகிவிடுகிறாள். பையன்கள் சண்டை போடுவார்கள், இவள் காலுறை தைப்பாள். நான் வளர்ந்த நிபோங் திபால் பக்கத் தோட்டத்திலும் இதே விளையாட்டுதான். அண்ணன்மார் ரப்பர்க் கொட்டையை வைத்து ஆடுவார்கள், நாங்கள் சிரட்டையில் மண்சோறு.

1986-இல் எனக்குச் சடங்கு. ஆறாம் ஆண்டு. முதல் நாள்வரை லயத்துக்குப் பின்னால் கொய்யா மரத்தில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தவள். மறுநாள் பச்சை ஓலைக் குச்சு, தனித் தட்டு, நல்லெண்ணெயில் பச்சை முட்டை, உளுத்தங்களி. தாய்மாமன் தட்டு வரிசை கொண்டுவந்தார். மரத்துப் பக்கம் போகக்கூடாது. யாரும் காரணம் சொல்லவில்லை, எல்லோரும் சிரித்தார்கள்.

இதைச் சோகமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். உண்மையைச் சொன்னால், எனக்குப் பிடித்திருந்தது. பட்டுப்பாவாடை, ஜடை முழுக்கப் பூ, போட்டோக்காரர் வந்தார். கொய்யா மரத்தை நினைக்கவே இல்லை. அது போய்விட்டதே என்ற வருத்தம் முப்பது வயதுக்கு மேல் புத்தகங்களைப் படித்து நான் கற்றுக்கொண்டது.

16 மார்ச்

சூசன். அலமாரி வழியாக நார்னியா என்ற மாய நாட்டுக்குப் போன நான்கு பிள்ளைகளில் ஒருத்தி. அந்த வரிசையின் கடைசிப் புத்தகம், 1956. மற்ற எல்லோரும் ரயில் விபத்தில் இறந்து சொர்க்கம் போல ஓர் இடத்துக்குப் போகிறார்கள். சூசன் மட்டும் இல்லை. ஏன் என்று கேட்டால் அவளுக்கு நைலான் காலுறை, உதட்டுச்சாயம், விருந்து அழைப்பு இவற்றில்தான் நாட்டம், நார்னியாவை விளையாட்டு என்று சொல்லிவிட்டாள் என்கிறார்கள். போன வருஷம் இதை மகளிடம் சொன்னேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப அவ ஒருத்திதான் உயிரோட இருக்கா?" என்றாள். ஆமாம். "தம்பி தங்கச்சி எல்லாரும் செத்துட்டாங்க, லிப்ஸ்டிக்கைப் பத்திப் பேசுறாங்களா?"

என்னிடம் பதில் இல்லை. குளிர்பெட்டியைத் திறந்து எதையோ தேடினேன்.

17 மார்ச்

அந்தப் பக்கத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். நார்னியாவை எழுதிய லூயிஸுக்கு நான் அநியாயம் செய்துவிட்டேனோ? உதட்டுச்சாயத்தைச் சொன்னதும் பெரியவள் ஒருத்தி குறுக்கே வருகிறாள். சூசன் வளர்ந்துவிட்டாளாம், எங்கே வளர்ந்தாள், வளர்ந்தால் தேவலையே என்கிறாள். பள்ளிக்கூட வயதையெல்லாம் இந்த வயதுக்கு வரத் துடித்தே வீணடித்தாள், இனி மிச்ச வாழ்க்கையை இதே வயதில் நிற்கப் பாடுபட்டே வீணடிப்பாள் என்கிறாள். அப்படியானால் புகார் அவள் வளர்ந்தது பற்றி இல்லை, பாதி வழியில் நின்றது பற்றி.

1950-இல் வந்த முதல் புத்தகத்தைத் தன் ஞானமகள் லூசிக்குக் காணிக்கையாக்கி, அங்கேயும் இதைத்தான் எழுதுகிறார். நீ தேவதைக் கதைகளுக்கு வயது மீறிவிட்டாய், ஆனால் ஒரு நாள் மறுபடி அவற்றைப் படிக்கிற அளவுக்கு வயதாகும். அந்த ஒரு வரிக்காக மனிதரைப் பாதி மன்னிக்கலாம். ரயில் விபத்துக்கு மன்னிப்பு கிடையாது. மகளும் அதையே சொல்கிறாள்.

அப்புறம் ஒன்று. அந்த நான்கு பிள்ளைகளும் முதல் புத்தகத்திலேயே நார்னியாவில் வளர்ந்து பெரிய ராஜா ராணிகளாகி, அலமாரி வழியாகத் திரும்பி விழுந்ததும் மறுபடி பொடியன்களாகிவிடுவார்கள். சடங்கு முடித்து, சீரெல்லாம் வாங்கி, மறுநாள் மறுபடி கொய்யா மரத்தில் ஏறச் சொன்ன மாதிரி. இதில் யாருக்கும் பைத்தியம் பிடிக்காததுதான் பெரிய மாயம்.

23 மார்ச்

பல்லுக்குத் திரும்புகிறேன். மேரி பாப்பின்ஸ் முதல் புத்தகத்தில், 1934, ஓர் அத்தியாயம் முழுக்க இரட்டைக் கைக்குழந்தைகளைப் பற்றியது. அதுகளுக்கு வெயில் பேசுவது புரியும், காற்று பேசுவது புரியும், ஜன்னலுக்கு வரும் மைனா இனத்துப் பறவை ஒன்றோடு அரட்டை அடிக்கும். ஒரு வயது ஆனதும் எல்லாம் மறந்துவிடும் என்று பறவை சொல்கிறது. நாங்கள் மறக்கமாட்டோம் என்று அதுகள் அழுகின்றன. பல் முளைக்கிறது, ஒரு வயதும் ஆகிறது. பறவை வந்து பேச்சுக் கொடுக்கிறது, அதுகள் சும்மா குழந்தை மாதிரி மழலை பேசுகின்றன. பறவை முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. அழுகிறாயா என்றால், சளி பிடித்திருக்கிறது என்கிறது.

எங்கள் தோட்டத்து ஆயாக்கொட்டகை ஆயா எனக்கு ஞாபகத்துக்கு வந்தார். விடிவதற்கு முன்பே தாய்மார்கள் பிள்ளைகளைத் தூக்கத்தோடு கொண்டுவந்து போட்டுவிட்டுப் பால்மரம் வெட்டப் போய்விடுவார்கள். ஏணை வரிசையாகத் தொங்கும். இருபது பிள்ளைகளின் அழுகையில் எது யாருடையது என்று ஆயாவுக்குத் தெரியும். பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு அந்த வழியாகத்தான் தினமும் போவோம். வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார். நாங்கள் ஓடிக்கொண்டே இருப்போம். ஏணையில் கிடந்தது எங்களுக்கு எங்கே ஞாபகம்? அவருக்கு இருந்தது.

வாசகரே, உங்கள் தொண்டை அடைத்ததற்கு இதுதான் காரணம் என்று படுகிறது. வெகுளித்தனம் போவது போகிறவனுக்குத் தெரிவதில்லை, வாசலில் நிற்கிறவருக்குத்தான் தெரிகிறது. பீட்டர் பேனின் முதல் பக்கத்திலேயே இது இருக்கிறது. இரண்டு வயது வெண்டி ஒரு பூவைப் பறித்துக்கொண்டு ஓடி வருகிறாள். இப்படியே இருந்துவிடக்கூடாதா என்று நெஞ்சில் கைவைத்துக் கேட்பது தாய். வெண்டி எதுவும் கேட்கவில்லை. தான் வளரவேண்டும் என்று அவளுக்குத் தெரிந்ததே தாய் அப்படிச் சொன்னதால்தான்.

24 மார்ச்

"பினோக்கியோ?" என்று ஒரே சொல்லில் கேட்டிருக்கிறார் ஒருவர். நல்ல கேள்வி. மரப்பொம்மைக்கு ஆசையே நிஜப் பையனாக வேண்டும் என்பது. 1881-இல் தொடராக வந்தபோது அதை எழுதிய கொலோடி அவனை மரத்தில் தூக்கில் தொங்கவிட்டுக் கதையை முடித்துவிட்டார். பத்திரிகை வாசித்த பிள்ளைகள் விடவில்லை, தொடரவேண்டியதாயிற்று. 1883-இல் புத்தகம். பிள்ளைகளைக் கேட்டால் அவனை வளரவிடத்தான் சொல்வார்கள் என்பதற்கு இதையும் சாட்சியாக வைத்துக்கொள்கிறேன். சாட்சி கொஞ்சம் நொண்டிதான், அவர்கள் கேட்டது அடுத்த அத்தியாயம்.

30 மார்ச்

புறநானூறு 243. பாடியவர் பெயர் தொலைந்துபோய், அவர் எழுதிய ஊன்றுகோலே பெயராகிவிட்டது, தொடித்தலை விழுத்தண்டினார். மணலில் பாவை செய்து பூச்சூட்டினோம், மறைவு என்பதே அறியாத, வஞ்சம் இல்லாத கூட்டாளிகளோடு மருதமரத்துக் கிளையிலிருந்து குதித்தோம், ஆழத்தில் மூழ்கி மணலை அள்ளிக்கொண்டு வந்து காட்டினோம் என்கிறார். இளமைக்கு அவர் போடும் அடை 'கல்லா'. ஒன்றும் கற்காத இளமை.

பள்ளியில் இதை மனப்பாடம் செய்தபோது குதித்தல் மட்டும் கண்ணுக்குத் தெரிந்தது. இப்போது படித்தால் இருமல் கேட்கிறது. கிழவர் தடியை ஊன்றி, நடுங்கி, இருமலுக்கு நடுவே நாலு வார்த்தை பேசுகிறார். குதிக்கிற பையன் இந்தப் பாட்டை எழுதியிருக்க முடியாது, அவனுக்கு நேரமில்லை.

6 ஏப்ரல்

அம்மாவிடம் கேட்டுவிட்டேன். எழுபத்து நான்கு வயது, பிறையில் தம்பி வீட்டில் இருக்கிறார். சடங்கன்று பின்கட்டில் அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன். இத்தனை வருஷமாக அதை மனதில் வைத்திருந்தேன். இந்த இழை முழுக்க அந்த ஒரு காட்சியின்மேல்தான் நிற்கிறது என்று எனக்கே பிறகுதான் தெரிந்தது.

"அழுதேனா? எனக்கு ஞாபகமில்லடி. வெறகு அடுப்பு, பொகையா இருந்திருக்கும். அன்னிக்கு வேலைக்குப் போகல, ஒரு நாள் சம்பளத்த வெட்டிட்டான். அது ஞாபகம் இருக்கு. உங்க மாமன் கொண்டாந்த தட்டுல ஆப்பிள் எல்லாம் அழுகல். ஆமா, ஏன் கேக்குற?"

சும்மா, என்றேன்.